வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறீங்களா? ஒரு எஸ்.எம்.எஸ். தவறினால் ஆறு மாதம் போகும்... தப்பிப்பது எப்படி?

பகலில் பனியன் கம்பெனி, ராத்திரி பி.ஏ. புத்தகம். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மதியம் பி.காம். பாடம். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இப்படிப் படிப்பவர்கள் ஏராளம். இவர்களில் பலர் கல்லூரி வாசலுக்குப் போவதே தேர்வு நாளில்தான். நோட்டீஸ் போர்டு கிடையாது, வகுப்பில் வந்து சொல்லும் ஆசிரியரும் கிடையாது. கட்டணத் தேதி, அசைன்மென்ட், ஹால் டிக்கெட் என எல்லாத் தகவலும் வந்து சேர்வது கையில் இருக்கும் செல்போனுக்குத்தான்.

அந்த மெசேஜ் வரவில்லை என்றால்? வந்தும் புரியவில்லை என்றால்? தொலைதூரப் படிப்புகளில் தேர்வு பொதுவாக வருடத்துக்கு இரண்டு முறைதான் நடக்கிறது. இக்னோவில் ஜூன், டிசம்பர் என இரண்டு சுற்று. கட்டணத் தேதியைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். பதவி உயர்வுக்கோ, டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கோ அந்தப் பட்டத்தை நம்பி இருப்பவருக்கு ஆறு மாதம் சின்ன விஷயம் இல்லை.

இந்த மெசேஜ் எப்படி வருகிறது, எங்கே தடுமாறுகிறது, மாணவர்களும் கல்வி மையங்களும் என்ன செய்யலாம் என்று விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த மாணவர்கள்?

பிளஸ் டூ முடித்த கையோடு கல்லூரிக்குப் போகாமல், சில வருடம் கழித்து, வேலையோடும் குடும்பத்தோடும் சேர்த்துப் படிப்பவர்கள். கொங்கு மண்டலத்தில் இவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. நூற்பாலையில் ஷிஃப்ட் பார்க்கும் பெண், சோமனூர் பக்கம் விசைத்தறி ஓட்டுபவர், பீளமேட்டில் பம்ப் கம்பெனிக்குப் போகும் ஐ.டி.ஐ. படித்தவர், கல்யாணத்தோடு படிப்பை நிறுத்திய இல்லத்தரசி, பதவி உயர்வுக்காகப் படிக்கும் அரசு ஊழியர் என்று பட்டியல் நீளும்.

கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட கே.பி.ஆர். மில் நிறுவனம், தன் பெண் தொழிலாளர்கள் வேலை நேரம் முடிந்த பிறகு பள்ளிப் படிப்பையும் பட்டப்படிப்பையும் தொடர வழி செய்து வருவது பலரும் அறிந்த செய்தி. வேலையும் படிப்பும் ஒன்றாக ஓடும் ஊர் இது.

கடிதத்தில் தொடங்கி செல்போன் வரை

இந்தியாவில் அஞ்சல் வழிக் கல்வி 1962-ல் டெல்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-லும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-லும் இதில் இறங்கின. 1982-ல் கோவையில் உருவான பாரதியார் பல்கலைக்கழகமும் பின்னர் தொலைதூரப் படிப்புகளை நடத்தத் தொடங்கியது. 1985-ல் இக்னோவும், 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வந்தன.

அந்தக் காலத்தில் தகவல் என்றால் தபால்தான். பாடப் புத்தகக் கட்டு, ஹால் டிக்கெட் எல்லாம் வீட்டு முகவரிக்கு வரும். வாடகை வீடு மாறினால் தகவலும் தவறும். இப்போது முகவரியின் இடத்தை செல்போன் எண் பிடித்துக்கொண்டது. வீடு மாறினால் தபால் தவறியது மாதிரி, நம்பர் மாறினால் மெசேஜ் தவறுகிறது.

வாட்ஸ்அப் இருக்கும்போது எஸ்.எம்.எஸ். எதுக்கு?

நியாயமான கேள்வி. எஸ்.எம்.எஸ்.ஸுக்கு இன்டர்நெட் வேண்டாம், ஸ்மார்ட்போனும் வேண்டாம். டேட்டா தீர்ந்துபோனாலும் வரும், பட்டன் போனிலும் வரும். வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் படங்களுக்கு நடுவே தேர்வுத் தேதி புதைந்துபோகும். எஸ்.எம்.எஸ். தனியாக வந்து நிற்கும்.

தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா பல்கலைக்கழகம் இதை 2002-லேயே கண்டுகொண்டது. அங்கே தொலைதூரக் கல்வியில் படித்தவர்களில் பெரும்பாலோர் கிராமப்புறத்தில் வேலை பார்த்த ஆசிரியர்கள். அவர்களிடம் கணினி இல்லை, ஆனால் ஏறத்தாழ எல்லோரிடமும் செல்போன் இருந்தது. பாடம் அச்சுப் புத்தகமாகத்தான் போனது. பதிவுத் தேதி, வகுப்பு, தேர்வு நினைவூட்டல்கள் மட்டும் எஸ்.எம்.எஸ்.ஸில் போயின. செல்போனில் பாடம் நடத்த வேண்டியதில்லை, தேதியைத் தவறவிடாமல் பார்த்துக்கொண்டாலே போதும் என்பதுதான் அதன் அடிப்படை.

மெசேஜ் அனுப்பினால் மாணவர்கள் நின்றுவிடுவார்களா?

இதற்கு இரண்டு விதமான பதில் கிடைத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

இங்கிலாந்தில் எழுத்தறிவும் அடிப்படைக் கணக்கும் கற்க வந்த வயது வந்தவர்களுக்கு, வாரந்தோறும் ஊக்கமும் நினைவூட்டலுமாக மெசேஜ் அனுப்பிப் பார்த்தார்கள். 2015-ல் வெளியான அந்த ஆய்வின்படி, மெசேஜ் பெற்றவர்களில் வகுப்பைப் பாதியில் விட்டவர்களின் விகிதம், பெறாதவர்களைவிட 36 சதவீதம் குறைவு. வருகையும் கூடியது.

அமெரிக்காவில் இதையே பிரம்மாண்டமாகச் செய்தார்கள். கல்லூரி நிதியுதவிக்கு விண்ணப்பிக்கச் சொல்லி 8 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களை உள்ளடக்கிய இரண்டு திட்டங்கள். 2021-ல் வெளியான முடிவு: கல்லூரியில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையில் எந்த மாற்றமும் இல்லை. இத்தனைக்கும் அதே நாட்டில் அதற்கு முன் சிறிய அளவில், உள்ளூர் ஆலோசகர்களோடு சேர்த்து நடத்தப்பட்ட முயற்சிகள் பலன் தந்திருந்தன.

இதிலிருந்து என்ன தெரிகிறது? மெசேஜுக்கு என்று தனி மந்திர சக்தி கிடையாது. நமக்குத் தெரிந்த இடத்திலிருந்து, நம் நிலைமை தெரிந்து வரும் மெசேஜ் வேலை செய்கிறது. எங்கிருந்தோ எல்லோருக்கும் ஒரே மாதிரி வந்து விழும் மெசேஜ் பத்தோடு பதினொன்றாகப் போய்விடுகிறது.

நம்ம ஊரில் மெசேஜ் எங்கே தடுமாறுகிறது?

முதல் சிக்கல், நம்பர் யாருடையது என்பது. அட்மிஷன் நேரத்தில் விண்ணப்பத்தை பிரவுசிங் சென்டரிலோ, தெரிந்தவர் மூலமாகவோ நிரப்பும்போது, ஓ.டி.பி. உடனே வேண்டும் என்பதற்காக நிரப்புபவரின் நம்பரையே போட்டுவிடுவது உண்டு. அன்றைக்கு வேலை முடிந்துவிடும். ஆனால் அடுத்த மூன்று வருடமும் உங்கள் தகவல் அவர் போனுக்குத்தான் போகும்.

இரண்டாவது, வீட்டில் ஒரே போன். தேசிய குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் தாங்களே பயன்படுத்தும் செல்போன் வைத்திருந்தவர்கள் 54 சதவீதம்தான். மற்றவர்களுக்கு வரும் மெசேஜ் கணவர், அண்ணன், அப்பா என்று யாராவது ஒருவர் கையைத் தாண்டித்தான் வரவேண்டும். அவர் பார்த்துவிட்டு மறந்தால், மெசேஜ் 'படிக்கப்பட்டது' என்று ஆகிவிடும். உரியவருக்குத் தெரிந்திருக்காது.

மூன்றாவது, ரீசார்ஜ். பிளான் முடிந்து சும்மா விட்டால் உள்வரும் சேவையும் நின்றுபோகும். நீண்ட நாள் பயன்பாடே இல்லாவிட்டால் எண் துண்டிக்கப்படும். துண்டித்த எண்ணை 90 நாட்களுக்குப் பிறகுதான் வேறொருவருக்குத் தருவதாக டிராய் அமைப்பு 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அதாவது உங்கள் பழைய நம்பர் என்றாவது ஒருநாள் இன்னொருவர் கையில் இருக்கும். உங்கள் ஓ.டி.பி. அவருக்குப் போகும்.

இந்த நம்பர் விஷயம் இப்போது இன்னும் முக்கியமாகிவிட்டது. 2024-25 முதல், தொலைதூர, ஆன்லைன் படிப்புகளில் சேர யு.ஜி.சி.யின் தளத்தில் டி.இ.பி. ஐ.டி. என்ற எண்ணை மாணவரே உருவாக்க வேண்டும். அதற்கு ஏ.பி.சி. ஐ.டி. எனப்படும் கல்வி மதிப்பெண் வங்கிக் கணக்கு தேவை. அந்தக் கணக்கைத் திறக்க ஆதாரோடு இணைந்த செல்போனுக்கு ஓ.டி.பி. வரும். ஆதாரில் பழைய நம்பர் இருந்தால் முதல் படியிலேயே நின்றுவிடுவீர்கள்.

தமிழில் மெசேஜ் ஏன் சுருக்கமாகவே வருகிறது?

ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் ஆங்கிலத்தில் 160 எழுத்து போகும். தமிழில் 70 இடம்தான். அந்த 70-உம் நாம் எண்ணும் 70 எழுத்து இல்லை. 'கோயம்புத்தூர்' என்ற சொல்லில் நம் கணக்குக்கு 7 எழுத்து. கணினி அதை 13 இடமாக எண்ணும். புள்ளி, கொம்பு, கால் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் வேண்டும். 'பல்கலைக்கழகம்' என்று எழுதினால் அதற்கும் 13 இடம். இரண்டு சொல்லிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீர்ந்தது.

70-ஐத் தாண்டினால் மெசேஜ் 67, 67 இடமாக உடைந்து போகும். ஒவ்வொரு துண்டுக்கும் அனுப்புபவர் தனித்தனியாகக் காசு கொடுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான மாணவர்கள் என்றால் செலவு கூடும். அதனால்தான் பல நிறுவனங்கள் ஆங்கிலத்திலேயே அனுப்பிவிடுகின்றன. தமிழ் வழியில் படிப்பவருக்கு ஆங்கில மெசேஜ் வந்தால், அதைப் புரிந்துகொள்ள இன்னொருவரைத் தேட வேண்டியிருக்கிறது. மிச்சம் பிடித்த பைசாவின் விலை அதுதான்.

பதில் அனுப்பினால் போகுமா?

போகாது. இதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். நிறுவனங்களிடமிருந்து வரும் மெசேஜில் அனுப்பியவர் இடத்தில் எண்ணுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். அதற்குத் திருப்பி அனுப்ப வழி இல்லை. 'சார், நான் ஃபீஸ் கட்டிட்டேன், ஆனா ரசீது வரலைங்க' என்று எழுதினாலும் யாருக்கும் போய்ச் சேராது.

2018-ல் டிராய் கொண்டுவந்த விதிகளின்படி, நிறுவனங்கள் தங்கள் பெயர்ச் சுருக்கத்தையும் மெசேஜின் வாசக அமைப்பையும் டி.எல்.டி. என்ற பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். மெசேஜில் வரும் இணைப்புகளையும் பதிவு செய்தாக வேண்டும் என்பது 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மோசடியைத் தடுக்க இது தேவை. ஆனால் இதனால் அலுவலகத்தில் நினைத்த உடனே புதிதாக ஒரு வாக்கியம் எழுதி அனுப்பிவிட முடியாது. வாசகத்தை முதலிலேயே நன்றாக எழுதி வைப்பது அதனால்தான் முக்கியம்.

அசல் மெசேஜா, போலியா?

'உங்கள் தேர்வுக் கட்டணம் நிலுவையில் உள்ளது, உடனே இந்த லிங்க்கில் கட்டவும்' என்று வந்தால் பதறாதீங்க. முதலில் இதைப் பாருங்க:

• 2025 மே மாதம் முதல், அனுப்பியவர் பெயரின் கடைசியில் ஒரு ஆங்கில எழுத்து சேர்கிறது. 'பி' என்றால் விளம்பரம். 'எஸ்' என்றால் சேவைத் தகவல். 'டி' என்றால் ஓ.டி.பி. போல நீங்கள் செய்த ஒரு செயலுக்கான தகவல். 'ஜி' என்றால் அரசுத் தகவல்.
• கட்டண நினைவூட்டல் சாதாரண 10 இலக்க எண்ணிலிருந்து வந்து, பணம் அனுப்பச் சொன்னால் சந்தேகப்படுங்க.
• எழுத்து சரியாக இருந்தாலும் லிங்க்கை அழுத்தாமல், பல்கலைக்கழகத்தின் இணையதளத்துக்கு நீங்களே போய்ப் பார்ப்பது நல்லது.
• ஓ.டி.பி. கேட்டு யார் கூப்பிட்டாலும், 'யுனிவர்சிட்டியிலிருந்து பேசறோம்' என்றாலும் சொல்லாதீங்க.
• பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

இன்னொரு சந்தேகமும் பலருக்கு உண்டு. 1909-ல் சொல்லி விளம்பர மெசேஜ்களை நிறுத்தினால் தேர்வுத் தகவலும் நின்றுவிடுமா? நிற்காது. சேவைத் தகவல் வந்துகொண்டுதான் இருக்கும்.

எந்த நேரத்தில் அனுப்பினால் சரி?

கல்வி மையங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அலுவலக நேரமான காலை 11 மணி, மில் தொழிலாளிக்கு மெஷின் சத்தத்துக்கு நடுவே இருக்கும் நேரம். போன் லாக்கரில் இருக்கும். நைட் ஷிஃப்ட் பார்த்தவருக்கு அது தூங்கும் நேரம். மாலை 6 மணி இல்லத்தரசிக்கு அடுப்படி நேரம்.

மூன்று ஷிஃப்ட் ஓடும் ஊரில் எல்லோருக்கும் பொருந்தும் ஒரே நேரம் கிடையாது. அதனால் ஒரே தகவலை வேறு வேறு நாளில், வேறு வேறு நேரத்தில் இரண்டு மூன்று தடவை அனுப்புவதே வழி. ஏற்கெனவே கட்டியவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு மற்றவர்களுக்கு மட்டும் அனுப்பினால், செலவும் குறையும், தொந்தரவும் இருக்காது.

பணம் சம்பந்தப்பட்ட மெசேஜுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பலருக்கு சனிக்கிழமை வாரச் சம்பளம். புதன்கிழமை 'நாளை கடைசி நாள்' என்று சொன்னால் கையில் காசு இருக்காது. கடைசித் தேதிக்கு முன்னால் இரண்டு சனிக்கிழமையாவது கிடைக்கும்படி சொன்னால், கந்து வட்டிக்குப் போகாமல் கட்டிவிடுவார்.

நல்ல மெசேஜ் எப்படி இருக்கும்?

வழக்கமாக வருவது இப்படி: 'டியர் கேண்டிடேட், தேர்வுக் கட்டண அறிவிப்பு வெளியிடப்பட்டுள்ளது. மேலும் விவரங்களுக்கு இணையதளத்தைக் காணவும்.'

இதில் எவ்வளவு, எப்போதுக்குள், எப்படி என்ற மூன்றுமே இல்லை. படித்தவருக்கு ஒரு வேலை கூடியதுதான் மிச்சம்.

இப்படி அனுப்பலாம்: 'டிசம்பர் தேர்வு ஃபீஸ் கட்ட 25-ம் தேதி கடைசிங்க. ஆன்லைனில் மட்டும். சந்தேகம் இருந்தா மையத்துக்குக் கூப்பிடுங்க.' கூடவே ஒரு போன் நம்பர். இது ஒரு மெசேஜுக்குள் அடங்காது, இரண்டு துண்டாகத்தான் போகும். ஆனால் படித்தவர் வேறு எங்கும் தேட வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியவை:

• ஒரு மெசேஜில் ஒரு விஷயம். ஃபீஸும் அசைன்மென்ட்டும் ஒன்றாக வேண்டாம்.
• தேதி முதலில் வரட்டும். 'விரைவில்', 'உடனடியாக' போன்றவற்றால் பயன் இல்லை.
• மரியாதை முக்கியம். பெறுபவருக்கு 45 வயது இருக்கலாம். 'மாணவச் செல்வங்களே' என்றால் சிரித்துவிட்டுப் போய்விடுவார். கொங்குப் பேச்சில் ஒரு 'ங்க' போதும், மிரட்டல் தொனி போய்விடும்.
• மதிப்பெண், அரியர், நிலுவைத் தொகை போன்ற தனிப்பட்ட விவரங்களை மெசேஜில் போட வேண்டாம். போனை வேறொருவர் பார்க்கலாம். 'உங்கள் ரிசல்ட் வந்துவிட்டது, உள்ளே போய்ப் பாருங்க' என்றால் போதும்.
• கொடுத்திருக்கும் நம்பரை யாராவது எடுக்க வேண்டும். எடுக்காத நம்பரைக் கொடுப்பதற்குக் கொடுக்காமலே இருக்கலாம்.

மாணவர்கள் இன்றே செய்ய வேண்டியவை

1. பல்கலைக்கழக மாணவர் கணக்கில் உள்ளே போய், அங்கே இருப்பது உங்கள் நம்பர்தானா என்று பாருங்க. வேறொருவர் நம்பர் என்றால் மாற்றக் கேட்டு எழுதிக் கொடுங்க, நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்க.
2. ஆதாரில் உள்ள நம்பரும் அதுவும் ஒன்றாக இருந்தால் ஓ.டி.பி. சிக்கல் வராது. ஆதாரில் நம்பர் மாற்ற ஆதார் சேவை மையம் அல்லது தபால் நிலையத்தில் வழி இருக்கிறது.
3. நெட்வொர்க் பிடிக்கவில்லை என்று புது சிம் வாங்காதீங்க. அதே நம்பரை வேறு நிறுவனத்துக்கு போர்ட் செய்யலாம்.
4. வீட்டில் ஒரே போன் என்றால், படிப்பு சம்பந்தமான மெசேஜ் வந்தால் சொல்லச் சொல்லி வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே பேசி வைங்க. முடிந்தால் பல்கலைக்கழகம் கேட்கும் இரண்டாவது எண்ணாக நம்பிக்கையான தோழியின் எண்ணைக் கொடுங்க.
5. மெசேஜ் வந்ததும் தேதியை வீட்டு காலண்டரில் எழுதுங்க. போனில் அலாரம் வைப்பதும் நல்லது.
6. மெசேஜை மட்டும் நம்பி இருக்காதீங்க. மாதம் ஒருமுறை, சம்பளம் வாங்கும் நாளில், இணையதளத்தையும் ஒரு பார்வை பாருங்க. மெசேஜ் வரவில்லை என்பதற்காகக் கடைசித் தேதி தள்ளிப்போகாது.

பட்டத்துக்கு மதிப்பு உண்டா?

உண்டு. யு.ஜி.சி. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொலைதூரத்திலோ ஆன்லைனிலோ பெற்ற பட்டம், நேரடியாகக் கல்லூரிக்குப் போய்ப் பெற்ற பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. சேரும் முன்பு அந்த ஆண்டுக்கு அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று யு.ஜி.சி. தளத்தில் பார்த்துக்கொள்வது அவசியம். அட்மிஷன் விளம்பர மெசேஜை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

இந்த வயதில் படிப்பவர்களுக்குப் படிப்பில் ஆர்வம் குறைவதில்லை. பலருக்கும் இடறுவது தேதியில்தான். கல்வி மையங்கள் ஆளையும் நேரத்தையும் யோசித்து இரண்டு வரி அனுப்பினால், மாணவர்கள் தங்கள் நம்பரைச் சரியாக வைத்திருந்தால், அந்த ஆறு மாதத்தை மிச்சம் பிடித்துவிடலாம்.